களைக்கொல்லியும் நுரையீரலும்

விருதுநகர் வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் வழங்குகின்றன. நோய் தீர மருத்துவர் தருவது மருந்து. சிவகாசியில் பட்டாசுக் குழலுக்குள் அடைக்கும் கலவையும் மருந்து. பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் தெளிப்பானில் கரைத்து அடிப்பதும் மருந்து. முதலாவது உயிரைக் காப்பது. மற்ற இரண்டும் கவனம் தப்பினால் உயிரைக் குடிப்பவை. மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டமையால், மூன்றாவதன் கொடுமை நம் மனத்தில் உறைப்பதில்லை. அம்மூன்றாம் வகையைச் சேர்ந்த ஒரு களைக்கொல்லியைப் பற்றியும், அது நுரையீரலில் விட்டுச் செல்லும் தழும்பை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் படம் பிடித்துப் பின்தொடரும் முறையைப் பற்றியும் மாணவர்களாகிய உங்களிடம் இன்று பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் மருத்துவம் செய்யும் முறையை நான் கூறப் போவதில்லை. உங்கள் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் ஒளிச்சேர்க்கை, சுவாசம், எக்ஸ் கதிர், மண்ணின் இயல்பு ஆகிய நான்கும் ஒரே விஷயத்தில் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன என்பதையே எடுத்துக் காட்ட முயல்கிறேன்.

முதலில் களையைப் பார்ப்போம். சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல் நிலம். ஐப்பசி மழை விழுந்ததும் பயிரோடு கோரையும் அருகும் சாரணையும் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பும். முன்னாளில் பெண்கள் வரிசையாக நின்று களைக்கொத்தால் கொத்தி எடுப்பார்கள். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பின்னர்ப் பட்டாசும் அச்சுத் தொழிலும் பெருகின. ஆண்டு முழுவதும் கூலி தரும் ஆலைக்கும், மழை பெய்தால் மட்டுமே கூலி தரும் காட்டுக்கும் இடையே மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆலை வண்டிகள் போய்விடுகின்றன. களை மட்டும் காட்டில் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் களைக்கொல்லி நம் கிராமங்களுக்குள் நுழைந்தது. அதை வாங்கிய உழவனை நான் குறை கூறமாட்டேன். அவனுக்கு வேறு கை அகப்படவில்லை.

களைக்கொல்லிகள் பல. அவற்றுள் நுரையீரலோடு தனிப்பட்ட பகைமை கொண்டது பாராகுவாட் என்பது. 'கிரமாக்ஸோன்' என்னும் வணிகப் பெயராலும் பலர் அதை அறிவார்கள். இதன் வரலாறு விந்தையானது. 1882-ஆம் ஆண்டிலேயே இரசாயன அறிஞர்கள் இதனை ஆக்கிவிட்டார்கள். ஆனால் இதனால் ஆகும் பயன் எவருக்கும் தெரியவில்லை. 1933-இல் மைக்கேலிஸ் என்னும் அறிஞர், இப்பொருள் ஒரு எலெக்ட்ரானை ஏற்றுக்கொண்டவுடன் நிறமற்ற நிலையிலிருந்து நீலமாக மாறுவதை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் நிறங்காட்டியாக அது பயன்பட்டது. 1955-இல் இங்கிலாந்தில் ஜீலட்ஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில்தான் அதன் களைகொல்லும் ஆற்றல் தெரிய வந்தது. 1962-இல் கடைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், 1966-இல், அதனை அறியாமல் விழுங்கி இறந்தவர்களைப் பற்றிய அறிக்கை பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று.

அது களையை எப்படிக் கொல்கிறது? பச்சை இலைக்குள் சூரிய ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. அதுவே ஒளிச்சேர்க்கையின் உயிர்நாடி. பாராகுவாட் அவ்வழியில் குறுக்கே நின்று ஒரு எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. பறித்ததைத் தானே வைத்துக்கொள்வதில்லை. அருகிலுள்ள ஆக்ஸிஜனிடம், அதாவது பிராணவாயுவிடம், ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு மீண்டும் பறிக்க வருகிறது. எலெக்ட்ரானைப் பெற்ற பிராணவாயு வெறிகொண்ட பொருளாக மாறி, உயிரணுக்களின் மெல்லிய சவ்வுகளைத் தாக்குகிறது. சவ்வு கிழிந்தால் நீர் வெளியேறும், இலை வாடும். காலையில் அடித்த மருந்துக்கு மாலைக்குள் களை தலை சாய்வதன் இரகசியம் இதுவே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாராகுவாட் செலவாவதே இல்லை. அது ஒரு தரகன். ஒரு வீட்டில் வாங்கி மறு வீட்டில் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே அடுத்த பேரத்துக்குத் தயாராகிவிடும் தரகன். சிறிதளவுகூடப் பெருந்தீங்கு செய்வது இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் அதே பொருள் மண்ணில் விழுந்தால் அடங்கிவிடுகிறது. நம் கரிசல் மண்ணை நுண்ணோக்கிகளால் ஆராய்ந்தவர்கள், அதிலுள்ள களிமண் துகள்கள் புத்தகத்தின் ஏடுகளைப் போல அடுக்கடுக்காக அமைந்தவை என்று கூறுகிறார்கள். மழைக்கு அந்த ஏடுகள் விரிகின்றன, வெயிலுக்குச் சுருங்குகின்றன. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிப்பது இதனால்தான். அந்த ஏடுகளின் மேல் எதிர்மின்னேற்றம் உண்டு. பாராகுவாட்டோ நேர்மின்னேற்றம் உடையது. ஆகவே, காந்தத்தில் ஊசி ஒட்டுவது போல, அது ஏடுகளுக்கிடையே ஒட்டிக்கொண்டு செயலற்றுக் கிடக்கிறது. இவ்வுண்மையை மருத்துவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்நஞ்சை விழுங்கியவருக்கு, அது குடலிலிருந்து இரத்தத்தில் கலக்குமுன், முல்தானி மட்டி போன்ற களிமண்ணையோ, தூண்டப்பட்ட கரியையோ நீரில் கரைத்துக் கொடுத்து நஞ்சைப் பற்றிக்கொள்ளச் செய்யும் முறை அவ்வாறு பிறந்தது. இதை மருத்துவமனையில் மருத்துவர் செய்ய வேண்டும். வீட்டில் மண்ணைத் தேடிப் பொழுதைப் போக்குவது நஞ்சுக்கு உதவி செய்வதாகவே முடியும்.

மண் அடக்கும் நஞ்சை உடல் ஏன் அடக்குவதில்லை? இனி நுரையீரலுக்குள் செல்வோம்.

நம் நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ எழுபது சதுர மீட்டர் பரப்பாகும். ஒரு பெரிய வகுப்பறையின் தரையை மூடிவிடலாம். நுண்ணறையின் காற்றுக்கும் அதைச் சுற்றி ஓடும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனமுடையது. சுவரில் இருவகை உயிரணுக்கள். ஒருவகை மெல்லிய ஓடு போலப் பரவிக் கிடப்பது. மற்றொன்று நுண்ணறை ஒட்டிப் போகாதபடி வழவழப்பான பொருளைச் சுரப்பதோடு, ஓடு உடைந்தால் புதிய ஓடாக மாறிச் செப்பனிடுவது. இரண்டாம் வகையை நுரையீரலின் கொத்தனார் என்று சொல்லலாம்.

இந்த உயிரணுக்கள் தம் தேவைக்காகப் பாலியமின் என்னும் பொருள்களை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. பாராகுவாட்டின் மின்னேற்ற அமைப்பு அப்பொருள்களின் அமைப்பை ஒத்திருக்கிறது. ஆகவே உயிரணு, விருந்தாளி என்று எண்ணித் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இரத்தத்தில் இருப்பதைக் காட்டிலும் பல மடங்கு செறிவில் நஞ்சு நுரையீரலில் சேர்ந்துவிடுகிறது. அங்கோ பிராணவாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு மூச்சும் அதைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

சிவகாசிப் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கருமருந்தில் உள்ளன. எரிவன கரியும் கந்தகமும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தருவது வெடியுப்பு. வெடியுப்பு இல்லையேல் கரி மெல்லப் புகையும்; இருந்தால் பாய்ந்து எரியும். நுரையீரலில் எரிபொருளாக அமைவது உயிரணுவின் கொழுப்புச் சவ்வு. மூச்சுக் காற்று வெடியுப்பின் வேலையைச் செய்கிறது. பாராகுவாட் இரண்டையும் ஓயாமல் சேர்த்துவைக்கும் தரகன். ஆகவேதான் மூச்சுத் திணறும் எல்லா நோயாளிக்கும் தாராளமாகப் பிராணவாயு தரும் மருத்துவர், இந்நோயாளிக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தயங்குகிறார். இரத்தத்தில் பிராணவாயு மிகவும் தாழ்ந்தால் ஒழியக் கொடுப்பதில்லை. உயிர் தரும் காற்றே உயிருக்கு எதிரியாகும் நிலை இதைப் போல மருத்துவத்தில் வேறு அதிகம் இல்லை.

நஞ்சு உட்சென்ற முதல் நாளில் வாயிலும் தொண்டையிலும் எரிவும் புண்ணும் தோன்றும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகமும் கல்லீரலும் தளரும். பாராகுவாட்டை உடலிலிருந்து வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்துக்கு உரியது. அது தளர்ந்தால் நஞ்சு மேலும் தங்குகிறது. நுரையீரலின் துன்பம் பெரும்பாலும் பிந்தியே வெளிப்படும். முதல் இரண்டு மூன்று நாட்களில் நோயாளி தெளிவாகப் பேசுவார். உறவினர் 'ஒன்றும் இல்லை' என்று ஆறுதல் கொள்வர். அந்த ஆறுதல் பொய்யானது. இந்நஞ்சுக்கு மாற்றுமருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே காலமே இங்கு மருந்து. முதல் சில மணி நேரத்தில் மருத்துவமனையை அடைவது எல்லாவற்றிலும் முதன்மையானது.

நஞ்சு உட்சென்றதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளியின் சிறுநீரோடு காரப்பொருளும் சோடியம் டைதயோனைட் என்னும் உப்பும் சேர்த்தால், பாராகுவாட் இருப்பின் நீலநிறம் தோன்றும். 1933-இல் ஆய்வுக்கூடத்தில் கண்ட அதே நீலம்! நீலம் ஆழமாக இருந்தால் நஞ்சு மிகுதி என்று பொருள். இரத்தத்திலுள்ள நஞ்சின் அளவையும், உட்கொண்ட பின் கழிந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பிழைக்கும் வாய்ப்பை மதிப்பிடும் வரைபடம் 1979-இல் வகுக்கப்பட்டது.

இனிப் படங்களுக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மார்பின் வழியே அக்கதிரைச் செலுத்தினால், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், எலும்பு வெளுப்பாகவும் படத்தில் விழும். நல்ல முறைதான்; ஆனால் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. ஒரு நூலின் எல்லா ஏடுகளையும் கண்ணாடித் தாளில் எழுதி, மூடிய நூலை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது போன்றது அது. ஏடு ஏடாகப் புரட்டிப் படிக்கும் முறையை ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் அமைத்தார். எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றி வந்து பல கோணங்களில் கதிரைச் செலுத்தும். கணினி அவ்வளவையும் கணக்கிட்டு உடலின் குறுக்குவெட்டை வரைந்து தரும். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டனில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக அவ்வாறு படமெடுக்கப்பட்டது. இதுவே சி.டி. ஸ்கேன். இக்கணித முறைக்கு அடிகோலிய கார்மாக் என்பவரும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று நுரையீரலை ஒரு மில்லிமீட்டர் அளவான மெல்லிய சீவல்களாகப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000. அந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பாராகுவாட் நஞ்சுக்கு ஆளானவரின் நுரையீரலை வாரந்தோறும் இவ்வாறு பார்த்தால் என்ன தெரியும்? தென் கொரியாவிலும் தைவானிலும் சீனத்திலும் இந்நஞ்சால் துன்புற்றோர் மிகப் பலர். ஆகவே இதைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே மிகுதி. அவர்கள் கண்டவற்றை நிலை நிலையாகச் சொல்லலாம்.

முதல் சில நாட்களில் எக்ஸ்-ரே படம் ஒழுங்காகவே இருக்கக்கூடும். சி.டி. படத்தில் ஆங்காங்கே மெல்லிய மங்கல் தெரியும். இதற்கு மருத்துவர்கள் 'தேய்த்த கண்ணாடித் தோற்றம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். குளியலறைச் சன்னலில் போடும் சொரசொரப்பான கண்ணாடியை எண்ணிக்கொள்ளுங்கள். வெளியிலுள்ள மரம் முற்றும் மறையாது, மங்கலாகத் தெரியும். அதுபோல மங்கலின் ஊடே இரத்தக் குழாய்கள் இன்னும் புலப்படும். நுண்ணறைச் சுவர் வீங்கி, நீர் கசியத் தொடங்கியிருக்கிறது என்பது இதன் பொருள். நுண்ணறைகள் நீராலும் அணுக்களாலும் நிரம்பினால் மங்கல் வெண்மையாகத் தடிக்கும், குழாய்கள் மறையும். இது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் நேரும்.

அதன்பின் மூன்றாம் நிலை. உடலில் காயம் பட்டால் அதை அடைக்க நார்த்திசு வளர்கிறது. காலில் பட்ட காயத்தின் தழும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலில் தழும்பு இருந்தால் நடப்பதற்குத் தடையில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்ச் சுவரில் தழும்பு ஏறினால் காற்று எவ்வாறு ஊடுருவும்? கொத்தனார் அணுக்களும் மடிந்துபோனமையால் ஓட்டுக்குப் பதில் நாரே அடைப்பாகிறது. படத்தில் கோடுகளும் வலைப்பின்னலும் தோன்றும். நார் சுருங்கி இழுப்பதனால் மூச்சுக்கிளைகள் விரிந்து கோணும். மிகுந்தால் தேன்கூடு போன்ற வெற்றறைகள் காணப்படும். கடுமையாக நஞ்சேறியவர்கள் இந்நிலையைக் காணுமுன்பே மறைந்துவிடுகிறார்கள் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

பிழைத்தவர்களுக்குப் பின்னால் என்ன நேர்கிறது? நீண்டகாலப் படங்களின் தேவை இங்கேதான் எழுகிறது. தழும்பு என்றால் அழியாதது என்பது பொதுவான எண்ணம். அயர்லாந்து நாட்டு மருத்துவர்கள் இந்நஞ்சிலிருந்து பிழைத்த 13 பேரை நெடுநாள் கழித்துச் சோதித்து, அவர்களுடைய உடல்நிலை, எக்ஸ்-ரே படம், மூச்சளவு மூன்றையும் 1979-இல் வெளியிட்டனர். பின்னர்ச் சி.டி. முறை வந்தபின் கீழ்த்திசை நாடுகளில் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. இவற்றிலிருந்து தெளிவாகும் செய்தி இதுதான்: மங்கலும் தடிப்பும் பலரிடம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைகின்றன, கோடுகளும் சுருக்கங்களும் ஒரு பகுதி தங்கிவிடுகின்றன, ஆனால் பிழைத்தவரிடம் அவை ஓயாமல் பரவிக்கொண்டே போவதில்லை, பெரும்பாலும் ஓரளவில் நின்றுவிடுகின்றன. மூச்சின் கொள்ளளவும் சிலரிடம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் திரும்புகிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சாத்தூர்ப் பக்கத்தில் பயிர்த்தொழில் செய்கிறார். பம்புசெட் அறையில் தண்ணீர்ப் புட்டி என்று எண்ணி ஒன்றை எடுத்து வாயில் ஊற்றினார். தெளிப்பதற்காகக் கரைத்து மீந்ததை யாரோ அதில் ஊற்றி வைத்திருந்தார்கள். சுவை மாறியதும் துப்பிவிட்டார். ஆயினும் சிறிது உள்ளே சென்றுவிட்டது. அவர் மனைவி புட்டியை முகர்ந்து பார்த்த மறுகணமே அவரை வண்டியில் ஏற்றினார். அந்தப் பெண்மணியின் விரைவுதான் அவரைக் காத்தது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் என் வீட்டுக்கு வந்து மூன்று படங்களைக் காட்டினார். மூன்றாம் வாரத்துப் படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி முழுதும் வெண்மையாகத் தடித்திருந்தது. ஆறாம் மாதப் படத்தில் வெண்மை கலைந்து, ஓலைப்பாயின் பின்னலைப் போலக் கோடுகள் நின்றன. இரண்டாம் ஆண்டுப் படத்தில் விலாவோரமாகச் சில கோடுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. 'ஐயா, இந்தக் கோடும் போய்விடுமா?' என்று கேட்டார். 'போகாவிட்டாலும் பெருகாமல் இருக்கிறதே, அதைப் பார்' என்றேன். இப்போது காட்டை ஒருமுறை சுற்றி வருவார். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கும். அவர் அனுமதியோடு இதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

இவ்வாறு படங்களை ஒப்பிடும்போது மருத்துவர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறார்கள். ஒரே அளவு மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லுவார்கள். பாதி மூச்சில் எடுத்த படத்தில் நல்ல நுரையீரலும் மங்கலாகத் தெரியும். மல்லாந்து படுத்தால் முதுகுப்பக்கத்தில் இரத்தம் தேங்கி மங்கல் காட்டும். ஐயம் வந்தால் குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுப்பார்கள். முன் எடுத்த அதே மட்டத்துச் சீவலோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும். நோயாளியின் தொழிலையும் கேட்டறிய வேண்டும். நம் மாவட்டத்தில் நுரையீரலுக்குப் பகைவர் ஒருவர் அல்லர். தூசு, புகை, பழைய காசநோய்த் தழும்பு எனப் பல உண்டு. எந்தக் கோட்டை எது போட்டது என்று தெரிய, நோயாளியின் வரலாறும் வேண்டும்.

இதனால் அடிக்கடி படமெடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்-ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. ஒரு மார்புச் சி.டி. சாதாரணமாக 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை. ஆகவே தேவையறிந்து, இடைவெளி விட்டு, குறைந்த அளவுக் கதிரில் எடுக்கிறார்கள். படத்தோடு மூச்சை ஊதி அளக்கும் சோதனையும், ஆறு நிமிடம் நடக்கச் செய்து தூரத்தை அளக்கும் சோதனையும் சேரும். கோடு எத்தனை என்று படம் கூறும். மனிதன் எவ்வளவு தூரம் நடப்பான் என்பதை நடந்துதான் அறிய வேண்டும். பரீட்சை மதிப்பெண்ணுக்கும் மாணவனுக்கும் உள்ள தொடர்பு போன்றது இது.

இத்தனை நுட்பமான படமும் தழும்பைக் காட்டுமேயன்றித் தழும்பை நீக்காது. ஆகையால் அறிவுடைய நாடுகள் நோயின் வேரை நாடின. சுவீடன் 1983-இலேயே இம்மருந்தைத் தடுத்தது. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதன் அனுமதி நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கிற்று. நம் அண்டை நாடாகிய இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக இதனையும் வேறு இரு பூச்சிமருந்துகளையும் விலக்கியது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கிவந்த அந்நாட்டில், 1995-க்குப் பின்வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் குன்றவில்லை என்றும் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தென் கொரியா 2011-இல் பதிவை நீக்கி, 2012-இல் விற்பனையை நிறுத்தியது. இரண்டே ஆண்டுகளில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் ஏறக்குறையப் பாதியாயின. நம் நாட்டில் கேரள அரசு 2011-இல் தடை விதித்தது. ஒடிசாவில் புர்லா மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், தாம் காப்பாற்ற இயலாமற்போன நோயாளிகளைக் கண்டு மனம் பொறுக்காமல், 2019-இல் பொதுமக்களிடையே குரல் எழுப்பினர். மருந்தில்லா நோய்க்கு மருத்துவர் தேடிய மருந்து அது.

இந்தப் புள்ளிகளிலிருந்து மாணவர்கள் ஓர் உண்மையை உணர வேண்டும். மனத்துன்பம் ஒரு நாழிகையில் மலைபோல் எழும். அதே துன்பம் மறுநாள் காலையில் தாங்கக்கூடியதாகத் தோன்றும். கொடிய பொருள் எட்டும் தூரத்தில் இல்லாதபோது அந்த நாழிகை கடந்துபோகிறது. அவ்வாறு கடந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் நெடுங்காலம் நன்றாக வாழ்கிறார்கள். இலங்கையும் கொரியாவும் நமக்குக் காட்டியது இதுவே. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ அத்தகைய நாழிகை நேர்ந்தால், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், தமிழிலேயே கேட்பார்கள். பரீட்சையில் தவறியவரை மறு பரீட்சை எழுத வைக்க முடியும் என்பதை நான் பல ஆண்டுகள் கண்ணாரக் கண்டவன்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். களைக்கொல்லியை அதன் சொந்தக் கொள்கலத்திலேயே வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஒருநாளும் ஊற்றக் கூடாது. பெட்டியில் பூட்டி, சமையல் செய்யும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் வெளியே வைக்க வேண்டும். தெளிக்கும்போது கையுறையும் காலுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். உடம்பில் பட்டால் உடையைக் களைந்து நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தோலில் புண் இருப்பவர் தெளிக்கப் போகவே கூடாது. தவறி விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொள்கலத்தையும் அதிலுள்ள சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். 'நன்றாகத்தானே இருக்கிறார், நாளைக்குப் பார்ப்போம்' என்னும் சொல் அந்த வீட்டில் எழவே கூடாது. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. நெடுந்தூரம் அலைய வேண்டிய நிலை முன்போல் இல்லை.

கல்லூரியில் வேளாண்மை பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேலையை விட்டுச் செல்ல விரும்புகிறேன். ஆள் கிடைக்காத கரிசல் காட்டில் களையை எடுக்க உழவனுக்கு எளிய வழி வேண்டும். சிறு நிலத்துக்கு ஏற்ற களையெடுக்கும் கருவி, மண்ணை மூடி வைக்கும் மூடாக்கு முறை, ஊடுபயிர் ஆகியவற்றை நம் மழைக்கும் நம் மண்ணுக்கும் ஏற்றபடி செப்பம் செய்யுங்கள். மருத்துவம் பயிலச் செல்பவர்கள் தழும்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் நாளைக் காலையில் முதல் வேலையாக வீட்டிலும் பம்புசெட் அறையிலும் உள்ள புட்டிகளைப் பாருங்கள். எதில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டியிராத புட்டி ஒன்றேனும் இருந்தால், பெரியவரை அழைத்துக் காட்டி, அதை அன்றைக்கே அப்புறப்படுத்தச் செய்யுங்கள்.